அடுப்பை யார் பற்றவைப்பது?

இஸ்ரேலுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்கு வர நினைக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் போனில் என்னிடம் கேட்பதெல்லாம் சம்பளம், விசா, சண்டை. அதற்குப் பதில் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். யாரும் கேட்காத, ஆனால் வந்த முதல் வாரத்திலேயே தலையைச் சுற்ற வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. போய்ச் சேரும் வீட்டின் மத ஆசாரம். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கிளம்புமுன் நடந்த பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொன்னது இரண்டே வரி. இறைச்சியையும் பாலையும் கலக்காதே, சனிக்கிழமை அவர்களுக்கு முன்னால் சுவிட்சைத் தட்டாதே. நாங்கள் குமரி மாவட்டத்து சிஎஸ்ஐ குடும்பம். "பழைய ஏற்பாட்டில் இல்லாததா அந்த வீட்டில் இருக்கப் போகுது" என்று அம்மா தைரியம் சொல்லி அனுப்பினார்.

முதல் வேலை ஹைஃபாவில். அந்தப் பாட்டி வெள்ளிக்கிழமை சாயந்தரம் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, அடுத்த நிமிடமே டிவியைப் போடுவார். சனிக்கிழமை மகன் காரில் வந்து கடற்கரைக்குக் கூட்டிப் போவார். ஆனால் யோம் கிப்பூர் என்ற விரத நாளன்று மட்டும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. பியூ ஆய்வு மையம் 2016இல் வெளியிட்ட கணக்கில் இஸ்ரேலிய யூதர்களில் 49 சதவீதம் பேர் மதச்சார்பற்றவர்கள், 29 சதவீதம் பேர் மரபைப் பாதி கடைப்பிடிப்பவர்கள், 13 சதவீதம் பேர் மதப்பற்றாளர்கள், 9 சதவீதம் பேர் மிகக் கறாரான ஹரேதிகள் என்று இருக்கிறது. பாட்டி அந்த 49க்குள் வருவார். அந்த 49 பேரில் எத்தனை பேர் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறார்கள் என்பது வீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த வேலை எருசலேமில், ரெஹாவியா பகுதியில். 1930களில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்கள் நிறையப் பேர் குடியேறிய இடம் அது. நான் பார்த்துக்கொண்ட பெரியவரும் சின்னப் பிள்ளையாக ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்தவர்தான். வீட்டில் எல்லோரும் அவரை 'சபா' என்பார்கள், தாத்தா என்று. நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆர்த்தடாக்ஸ் மனிதர், பழைய விதிகளை அப்படியே கடைப்பிடிப்பவர். வீட்டுக்குள்ளேயே டை கட்டுவார், நிமிடக் கணக்கு பார்ப்பார். மூத்த மகன் ப்னேய் பராக்கில் இருக்கும் ஹரேதி, கறுப்புக் கோட்டுக்காரர். மகள் அமெரிக்காவில், நியூஜெர்சியில், மரபுக்கும் மாற்றத்துக்கும் நடுவே நிற்கும் கன்சர்வேட்டிவ் பிரிவின் ஜெபாலயம் ஒன்றில் உறுப்பினர். அந்த மகளின் மகளோ, விதிகளைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்ட ரிஃபார்ம் பிரிவில் ரப்பி, அதாவது மத குரு, ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தார். மாடி வீட்டில் மொராக்கோ வழி வந்த செஃபார்தி குடும்பம். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு வழி யூதர்களை இப்படிச் சொல்வார்கள். யூத மதத்தில் இருக்கிற பிரிவுகளில் முக்கால்வாசியை அந்த ஒரு படிக்கட்டிலேயே பார்த்துவிட்டேன்.

வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: "யூதர்கள் இதைச் செய்வார்களா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். பத்துப் பேர் பதினொரு பதில் சொல்வார்கள். "இந்த வீட்டில் எப்படி?" என்று கேளுங்கள்.

பால், இறைச்சி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்று யாத்திராகமத்தில் இரண்டு இடத்திலும் உபாகமத்தில் ஓரிடத்திலும் வருகிறது. வசனம் அவ்வளவுதான். அதிலிருந்து கிளம்பி இரண்டு சிங்க், இரண்டு செட் பாத்திரம், இரண்டு ஸ்பாஞ்சு, இறைச்சி சாப்பிட்டபின் பால் சாப்பிட இத்தனை மணி நேரம் என்று வந்து நிற்கிறது. பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் வீடுகளில் ஆறு மணி நேரம். ஜெர்மனி வழிக்காரர்களுக்கு மூன்று. ஹாலந்து யூதர்களுக்கு ஒரு மணி நேரமே போதும். சபா மதியம் ஒன்றரைக்குக் கோழி சாப்பிட்டால் நாலரைக்கு டாண் என்று பால் காப்பி கேட்பார். மகன் யெஷிவா என்ற மதப் பள்ளியில் படிக்கப் போனதிலிருந்து ஆறு மணிக் கணக்குக்கு மாறிவிட்டதால் ஏழரை வரை கடுங்காப்பிதான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் காப்பியைக் குடிப்பார்கள். உன் கணக்கு தப்பு என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை.

கரண்டிகளில் நிறம் வைத்திருப்பார்கள். பல வீடுகளில் சிவப்பு இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு, பச்சை இரண்டிலும் சேராததற்கு. முட்டை, மீன், காய்கறி எல்லாம் அந்த மூன்றாவது வகை, 'பார்வே' என்பார்கள். ஆனால் மீனையும் இறைச்சியையும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள், அது தனி வழக்கம். முட்டையை நேராக வாணலியில் உடைத்து ஊற்றாதீர்கள். முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் உடைத்து ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் அந்த முட்டை குப்பைக்கு.

ஊரிலிருந்து கருவாட்டுப் பொட்டலம் கட்டி வராதீர்கள். துடுப்பும் செதிளும் உள்ள மீன்தான் கோஷர், அதாவது அவர்கள் விதிப்படி சாப்பிடத் தகுந்தது. இறால், நண்டு, கணவாய், சுறா, கெளுத்தி ஒன்றும் ஆகாது. கடல் ஓரத்துக்காரனுக்கு இது கொஞ்சம் கசப்பான செய்திதான். நான் என் மசாலா டப்பாக்களை என் அறை அலமாரியில் வைத்துக்கொண்டு, தனியாக ஒரு சின்ன மின் அடுப்பும் ஒரு சட்டியும் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். இதை வேலையில் சேரும் அன்றே பேசிவிட வேண்டும். பாத்திரம் ஒரு முறை அவர்கள் அடுப்பில் ஏறியபிறகு பேசிப் பயனில்லை.

இனி அடுப்பு. யூதர் அல்லாதவர் முழுக்கச் சமைத்த உணவைச் சாப்பிடக் கூடாது என்று, யூத சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்முத் காலத்து விதி ஒன்று உண்டு. பச்சையாகச் சாப்பிடக்கூடியதற்கு இது கிடையாது, சாலட், பழம் எல்லாம் தாராளமாகச் செய்து தரலாம். முட்டை, இறைச்சி, குழம்பு என்று வரும்போதுதான் சிக்கல். ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பா வழி யூதர்களான அஷ்கெனாசிகளின் வழக்கப்படி அடுப்பைப் பற்றவைப்பது யூதராக இருந்தால் போதும், மீதியை நாம் பார்த்துக்கொள்ளலாம். செஃபார்தி வீட்டில் அது போதாது. பாத்திரத்தைத் தீயில் வைப்பதும் யூதராக இருக்க வேண்டும். சபாவைச் சக்கர நாற்காலியில் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன். கை நடுங்கும். குமிழை அழுத்தித் திருப்ப அரை நிமிடம் ஆகும். நான் அவர் கையைப் பிடித்து உதவ மாட்டேன், பக்கத்தில் நிற்பேன். தீ வந்ததும் "பேஸெதர்" என்பார், சரி என்று. அப்புறம் அவரைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலோரம் விட்டுவிட்டு நான் சமைப்பேன். சில வீடுகளில் இதை அவமானமாக எடுத்துக்கொண்டு சண்டை போட்ட பையன்களைத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாள் முழுக்கப் பிறர் கையால் எல்லாம் நடக்கிற மனிதருக்கு இந்த ஒரு வேலை அவர் கையால் நடந்தாக வேண்டியிருந்தது.

திராட்சை ரசமும் அப்படித்தான். திறந்த பாட்டிலை யூதர் அல்லாதவர் தொட்டு ஊற்றினால் ஆர்த்தடாக்ஸ் ஆட்கள் அதைக் குடிக்க மாட்டார்கள். காய்ச்சிய ரசத்துக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. லேபிளில் 'மெவுஷால்' என்று ஹீப்ரூவில் போட்டிருக்கும். தெரிந்த பையன் ஒருவன் விருந்து நாளில் நல்லெண்ணத்தோடு எல்லோருக்கும் ஊற்றப் போய், விலை உயர்ந்த பாட்டில் அப்படியே சிங்க்குக்குப் போனது. நாம் பரிமாறும் வீடென்றால் மெவுஷால் ரசமே வாங்கச் சொல்லிவிடுங்கள், இரண்டு பக்கமும் நிம்மதி.

ஷப்பாத்துக்கு, அதாவது வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும்வரை உள்ள ஓய்வு நாளுக்கு, வருவோம். வேலை முழுக்க வெள்ளிக்கிழமையில்தான் இருக்கிறது. எருசலேமில் சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது சங்கு ஊதும். வேறு ஊர்களிலும் வெளிநாட்டிலும் விளக்கேற்ற 18 நிமிடம், 20 நிமிடம் என்று கணக்கு இருக்கும், இங்கே 40. புதிதாக வந்தவர்கள் பதறிவிடுவார்கள் என்பதால் சொல்கிறேன்: ஷப்பாத் சங்கு ஒரே சீராக ஊதும், ஏவுகணை எச்சரிக்கை ஏறி இறங்கும். அந்தச் சங்குக்கு முன் நான் முடிக்க வேண்டியவை: ஃபிரிட்ஜ் உள்விளக்கைக் கழற்றுவது, கட்டிலின் தலைமாட்டை அவருக்கு வேண்டிய உயரத்துக்கு ஏற்றி வைப்பது, காது கேட்கும் கருவிக்குப் புது பேட்டரி போடுவது, சனிக்கிழமை மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துப் பாதியாக்க வேண்டியதைப் பாதியாக்கி வைப்பது, கழிவறைக் காகிதத்தைக் கிழித்து அடுக்குவது, விளக்குகளுக்கு டைமர் வைப்பது, 'ப்ளாட்டா' என்ற மின்தட்டில் சாப்பாட்டை ஏற்றுவது, வெந்நீர்க் கலத்தை நிரப்பிக் கொதிக்கவிடுவது. கிழிப்பது, எரிப்பது, சமைப்பது, பிரித்தெடுப்பது என்று ஷப்பாத்தில் ஆகாத 39 வகை வேலைகளைத் தல்முத்தின் மூலநூலான மிஷ்னா பட்டியல் போடுகிறது. 'நாற்பதுக்கு ஒன்று குறைவு' என்றே அதில் இருக்கும். வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் கட்டச் செய்த வேலைகளிலிருந்து எடுத்த பட்டியல் அது.

சபாவின் சனிக்கிழமை டீயைச் சொன்னால் விஷயம் பிடிபடும். கலத்திலிருந்து கொதிநீரை ஈரமில்லாத ஒரு கப்பில் பிடிப்பேன். அதிலிருந்து இன்னொரு கப்புக்கு மாற்றுவேன். அதில் வெள்ளிக்கிழமையே இறக்கி வைத்த டிக்காக்‌ஷனைக் கலப்பேன். முதல் கப்பிலேயே டீ இலையைப் போட்டால் அது 'சமைப்பது' ஆகிவிடும். இரண்டாவது கப்புக்கு வந்த நீர் சமைக்கிற சூட்டை இழந்துவிட்டதாகக் கணக்கு. நம் கண்ணுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும். அவர் அந்த இரண்டு கப்பையும் கவனிக்கிற கவனத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

நமக்கு நேராக வருகிற கேள்வி: லைட்டைப் போடலாமா? நமக்காகப் போடலாம். நான் புத்தகம் படிக்க ஹாலில் விளக்குப் போட்டால் அந்த வெளிச்சத்தில் அவரும் உட்கார்ந்து படிக்கலாம். அவருக்காகப் போட்டால் அவர் அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்த மாட்டார். "போடு" என்று நேரடியாகச் சொல்லவும் மாட்டார்கள். "இங்கே கொஞ்சம் இருட்டாக இருக்கிறதே" என்று காற்றில் ஒரு வார்த்தை வரும். புதிதாக வருபவர்கள் "ஆமாம், இருட்டுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நோயாளிக்கு இந்தக் கட்டுப்பாடு வெகுவாகத் தளரும். உயிருக்கு ஆபத்து இல்லாத நோய் என்றாலும், படுத்த படுக்கையாக இருப்பவருக்காக யூதர் அல்லாதவரிடம் நேரடியாகவே கேட்டு வாங்கலாம். ஹீட்டரைப் போடு, சூப்பைச் சூடாக்கு என்று சொல்லலாம். சபா மட்டும் நல்ல நாட்களில் அந்தச் சலுகையை ஏற்க மாட்டார். "நான் நோயாளி இல்லை, கிழவன்" என்பார். அதனால் குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் ஹீட்டர் டைமரை நான் தாராளமாகவே வைத்துவிடுவேன்.

உயிருக்கு ஆபத்து என்றால் எல்லா விதியும் விலகிவிடும். இதில் எந்தப் பிரிவுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், விழுந்து தலையில் அடி என்றால் யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸுக்கு 101இல் போன் போடுங்கள். "ஷப்பாத் ஆயிற்றே, மகனிடம் கேட்டுவிட்டு" என்று ஒரு நொடி தயங்கினாலும் அந்த மகனே திட்டுவார்.

வெளியே தள்ளிக்கொண்டு போவதற்கு ஒரு குறிப்பு. ஷப்பாத்தில் பொது இடத்தில் எதையும் சுமக்கக் கூடாது, சக்கர நாற்காலி தள்ளுவதும் அதில் வரும். அதற்காக ஊரைச் சுற்றிக் கம்பங்களில் கம்பி இழுத்து, முழு ஊரையும் ஒரே வளாகமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். 'எருவ்' என்று பெயர். எருசலேமுக்கு அது உண்டு. எல்லோரும் அதை நம்புவதில்லை. சபா நம்பினார். மகன் வந்தால் சட்டைப்பையில் கைக்குட்டைகூட இல்லாமல்தான் எங்களோடு நடப்பார்.

படிப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வீட்டைப் பற்றி எதுவும் சொன்னதாக ஆகாது. தினமும் காலையில் தல்முத்தில் ஒரு ஏடு, இரண்டு பக்கம். 'தஃப் யோமி' என்கிற இந்த முறையை 1923இல் போலந்து ரப்பி மெயிர் ஷபிரோ வியன்னாவில் நடந்த ஒரு மாநாட்டில் முன்வைத்தார். உலகம் முழுக்க எல்லோரும் ஒரே நாளில் ஒரே ஏட்டைப் படிப்பார்கள். மொத்தம் 2,711 ஏடு, முடிக்க ஏழரை ஆண்டு ஆகும். இப்போது ஓடுகிற 14ஆவது சுற்று 2020 ஜனவரி 5இல் தொடங்கியது. அந்த வாரம் எருசலேம் மாநாட்டு மண்டபத்தில் பெண்களே ஆயிரக்கணக்கில் கூடி முந்தைய சுற்று நிறைவைக் கொண்டாடினார்கள். மகன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சபா செய்தித்தாளில் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனியாகப் படிப்பது இவர்களுக்குப் படிப்பே இல்லை. எதிரே ஓர் ஆள் வேண்டும். சபாவின் ஜோடி, தெருக்கோடியில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார். இருவருக்கும் நடுவில் பெரிய தல்முத் விரிந்திருக்கும். பக்கத்தின் நடுவே மூலம், ஒரு ஓரத்தில் 11ஆம் நூற்றாண்டு ராஷியின் உரை, மறு ஓரத்தில் ராஷிக்கு மறுப்புச் சொல்கிற தோசஃபோத் என்ற உரைத்தொகுப்பு. மறுப்பவர்களில் ராஷியின் பேரன்களும் உண்டு. தாத்தாவும் பேரனும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே அச்சாகி 500 வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வாத்தியார் சொல்லிச் சிரிப்பார். இவர்கள் குரல் ஏறும்போது நடுவில் மாத்திரையோடு போகாதீர்கள், எடுக்க மாட்டார்கள். ஒரு வாதம் முடிந்து பக்கம் திருப்பும்போது நீட்டினால் தண்ணீரோடு விழுங்கிவிடுவார்கள். இது எனக்கு அனுபவத்தில் கிடைத்த சூத்திரம், பிரஷர் மாத்திரைக்கு மிகவும் உதவும்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. வாத்தியாரால் வர முடியவில்லை. ப்னேய் பராக் ஏப்ரலில் முழுதாக அடைக்கப்பட்டதால் மகனும் வர வழியில்லை. அப்போது நியூஜெர்சியிலிருந்து பேத்தி வீடியோவில் வர ஆரம்பித்தார். அங்கே விடியற்காலை, இங்கே மதியம். பெண் ரப்பியை சபா ஏற்பவர் அல்லர். பேத்தி நடத்தும் ஜெபத்தில் உட்காரவும் மாட்டார், அது அவருக்கும் தெரியும், பேத்திக்கும் தெரியும். ஆனால் ஏட்டைப் படிக்க எதிரே ஓர் ஆள் வேண்டுமே. "ஜெபம் வேறு, படிப்பு வேறு" என்று என்னிடம் சொல்லிவிட்டு டேப்லெட்டை நிமிர்த்தி வைக்கச் சொன்னார். அவரிடம் பழைய வில்னா பதிப்பு. பேத்தி 'செஃபாரியா' தளத்தில் பக்கத்தில் ஆங்கிலம் வைத்துக்கொண்டு படித்தார். ஒரு சொல்லில் அவர் தடுமாறினால் சபா திருத்துவார், சபாவின் வாதத்தில் ஓட்டை இருந்தால் பேத்தி விடமாட்டார்.

அந்தக் கோடையில் ஓடிக்கொண்டிருந்தது ஷப்பாத் பற்றிய பகுதி. ஜூலைத் தொடக்கத்தில் 122ஆம் ஏடு வந்தது. யூதர் அல்லாத ஒருவர் ஷப்பாத்தில் விளக்கேற்றினால் என்ன என்பதே அங்கே பேச்சு. சபா சமையலறையிலிருந்த என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் தினமும் செய்கிற வேலையைப் பற்றி ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் பேசி வைத்திருக்கிறார்கள். அவன் தனக்காக ஏற்றினால் அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்தலாம், தண்ணீர் இறைத்தால் மட்டும் யோசிக்க வேண்டும் என்கிறது ஏடு. ஏன் இந்த வித்தியாசம்? விளக்கு ஒருவருக்கு எரிந்தாலும் நூறு பேருக்கு எரிந்தாலும் ஒரே விளக்குதான். தண்ணீர் அப்படியல்ல, பக்கத்திலிருக்கும் யூதரை நினைத்து ஒரு குடம் கூடுதலாக இறைத்துவிடலாம். "நீ உனக்காகத்தான் லைட் போடுகிறாயா, எனக்காகவா? உண்மையைச் சொல்" என்று கேட்டார். "சில சமயம் எனக்காக, சில சமயம் நீங்கள் இருட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல்" என்றேன். பேத்தி சிரித்துவிட்டார். சபா சிரிக்கவில்லை. உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க முடியாமல் ஏற்றினால் அது யாருக்காக ஏற்றியது என்று இருவரும் அடுத்த முக்கால் மணி நேரம் வாதம் செய்தார்கள். முடிவு ஒன்றும் வரவில்லை. எனக்கு வாழைக்காய் தீய்ந்தது.

பேத்தியின் பிரிவைப் பற்றி சபாவிடமே கேட்டிருக்கிறேன். ரிஃபார்ம், ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் மூன்று பிரிவும் ஜெர்மனியில் முளைத்த சரக்கு என்றார். 1818இல் ஹாம்பர்க்கில் ஆர்கனும் ஜெர்மன் மொழிப் பிரசங்கமுமாக ரிஃபார்ம் ஜெபாலயம் வந்தது. அதை எதிர்த்து ஃப்ராங்க்ஃபர்ட்டில் ரப்பி சாம்சன் ரஃபேல் ஹிர்ஷ் ஆர்த்தடாக்ஸ் சபையைத் தனியாகவே பிரித்துக் கட்டினார். சபாவின் முன்னோர் அந்தச் சபை. நடுவே நின்றவர் ஸகாரியாஸ் ஃப்ராங்கெல். 1854இல் அவர் தலைமையில் ப்ரெஸ்லாவில் தொடங்கிய பள்ளியின் வழியில்தான் அமெரிக்காவில் கன்சர்வேட்டிவ் பிரிவு வளர்ந்தது. மொராக்கோ, ஈராக், ஏமன் நாட்டு யூதர்களிடம் இப்படிப் பிரிந்த சபைகள் கிடையாது. மாடி வீட்டுக்காரர் காலையில் ஜெபாலயம் போவார், மகன் மதியம் ஃபுட்பால் பார்க்கப் போவான், இருவரும் போவது ஒரே ஜெபாலயம்தான்.

இந்த வேறுபாடெல்லாம், எகிப்திலிருந்து விடுதலையான நினைவாக வரும் பஸ்கா பண்டிகையில் ஒரே வீட்டுக்குள் வந்து இறங்கியது. ஊரடங்கெல்லாம் ஓய்ந்த ஒரு வருடம் எல்லோரும் வந்தார்கள். மகன் குடும்பம் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே கொண்டுவந்து, காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். அப்பா வாங்குவது அரசு ரப்பிகள் முத்திரை போட்ட இறைச்சி, அவர்களுக்கு ஹரேதி ரப்பிகளின் 'பதாட்ஸ்' முத்திரை வேண்டும். தன் தட்டில் மகன் சாப்பிடாதது சபாவுக்கு வலித்ததா என்று கேட்டால், வலித்தது. அதைக் காட்டாமல் காகிதத் தட்டுக்குப் பக்கத்தில் தன் வெள்ளிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். மகள் நியூஜெர்சியில் சனிக்கிழமை ஜெபாலயத்துக்குக் காரில் போகிறவர், அவர்கள் பிரிவின் குழு 1950இல் அதற்கு வழிவிட்டது. அப்பா வீட்டில் காரைத் தொடவில்லை. இஸ்ரேலில் பஸ்கா விருந்து ஒரே இரவு, வெளிநாட்டு யூதர்களுக்கு இரண்டு இரவு. அதனால் மறுநாள் சபா சாதாரணமாக இருக்க, கன்சர்வேட்டிவ் மகள் மட்டும் தனியாக இரண்டாவது விருந்துக்கு மேஜை போட்டார். ரிஃபார்ம் பேத்திக்கு ஒரு நாளே போதும், அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்தார். யார் கறார், யார் தளர்வு என்று நாம் பிரிவின் பெயரைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பதற்கு எனக்கு இந்த இரவு போதும்.

பஸ்காவில் நமக்குள்ள வேலை: கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் புளித்தது ஒரு துணுக்குகூட வீட்டில் இருக்கக் கூடாது. நம் சாமானில் மாட்டிக்கொள்வது பெருங்காயத்தூள். கடையில் வரும் பெரும்பாலான தூளில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். நான் அந்த வாரத்துக்கு என் டப்பாக்களை எல்லாம் ஒரு பெட்டியில் கட்டி நண்பன் அறையில் வைத்துவிடுவேன். அரிசி, பருப்பு, கடலை எல்லாம் அஷ்கெனாசிகள் பஸ்காவில் தொட மாட்டார்கள். செஃபார்திகளில் பெரும்பாலோர் சாப்பிடுவார்கள். 2015இல் கன்சர்வேட்டிவ் குழுவும் அனுமதித்துவிட்டது, ஆனாலும் மகளுக்கு மனம் வரவில்லை. எட்டு நாளும் உருளைக்கிழங்குதான். மாடி வீட்டிலிருந்து சோறு வெந்த வாசனை இறங்கி வரும்போது நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல.

யோம் கிப்பூர் பற்றி, பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 25 மணி நேரம் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ள எண்பது வயதுக்காரர் அதைத் தாங்க மாட்டார். மருத்துவர் கூடாது என்றால் ரப்பி அளவு வகுத்துத் தருவார்: ஒரு தடவைக்கு 30 மில்லிக்கும் குறைவான உணவு, ஒன்பது நிமிடம் இடைவெளி, மறுபடி 30 மில்லிக்குள். தண்ணீருக்கு அவரவர் வாய் அளவு. முந்தின நாளே ஒரு வாய் நிறையத் தண்ணீர் வைத்து ஒரு டம்ளரில் துப்பி அளந்து, பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான இடத்தில் கோடு போட்டுக்கொண்டோம், ஒரு தடவைக்கு அந்தக் கோட்டுக்குக் கீழேதான். இருமல் மருந்து மூடியில் ரவைக் கஞ்சியை அளந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான் நீட்டுவேன். சபா முதலில் மறுத்தார். அவரை வற்புறுத்திச் சாப்பிட வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஹரேதி மகன்தான். பிரிஸ்க் நகரத்து ரப்பி ஹாயிம் சொலொவேய்ச்சிக் நோயாளிகளைச் சாப்பிடச் சொன்னபோது, விரதத்தில் தளர்வு காட்டுகிறீர்களே என்று கேட்டவர்களிடம், "உயிர் காப்பதில் கறாராக இருக்கிறேன்" என்றாராம். மகன் அதைச் சொல்லிக் கஞ்சி மூடியை அப்பாவின் வாயருகே பிடித்தார். உங்கள் பெரியவருக்கு என்ன அளவு என்பதை ஒரு வாரம் முன்னதாகவே குடும்பத்தைக் கேட்கச் சொல்லுங்கள். அன்று காலையில் கேட்டால் போன் எடுக்க ஆள் இருக்காது.

மிச்சம் சில சின்ன விஷயங்கள். ரொட்டிக்கு முன் இரண்டு பிடி உள்ள குவளையில் கை கழுவியபின், ஆசி சொல்லி ரொட்டியைக் கடிக்கும்வரை பேச மாட்டார்கள். "ம்ம், ம்ம்" என்று கையைக் காட்டினால் பெரும்பாலும் உப்பு கேட்கிறார்கள். காலைச் சேர்த்து நின்று முணுமுணுத்து ஜெபிக்கும்போது எதிரே குறுக்கே போகக் கூடாது. மூன்றடி பின்வாங்கினால் முடிந்தது என்று அர்த்தம். வேதப் புத்தகத்தின் மேல் கண்ணாடி, டம்ளர் எதையும் வைக்காதீர்கள். கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள். கிழிந்த தாளையும் குப்பையில் போடாமல் ஜெபாலயத்தில் அதற்கென்று இருக்கும் பெட்டியில் சேர்க்க வேண்டும். காகிதம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரிலிருந்து வருகிற நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சபா காலமானபின் ராமத் கானில் ஈராக் வழி வந்த ஒரு பாட்டியின் வீட்டில் சேர்ந்தேன். முதல் நாளே மகளிடம் மூன்று கேள்வி கேட்டேன். இறைச்சிக்குப் பின் எத்தனை மணி நேரம்? ஆறு. அடுப்பை யார் பற்றவைப்பது? பற்றவைத்தால் போதாது, பாட்டிதான் சட்டியை ஏற்ற வேண்டும். பஸ்காவில் அரிசி உண்டா? உண்டு, ஆனால் மூன்று முறை பொறுக்கிய பிறகு. அதையும் பாட்டியேதான் செய்வார். நான் தட்டைப் பிடித்துக்கொள்கிறேன்.